திருடன் கால்

என் அக்கா மல்சுன் காலுக்கு மூன்று அளவு உண்டு. வாயால் சொல்வது இருநூற்று நாற்பது. மனம் இறங்கி வந்தால் இருநூற்று நாற்பத்தைந்து. தரையில் ஊன்றி நடப்பது இருநூற்று ஐம்பத்தைந்து. மில்லிமீட்டரில் பார்த்தால் பதினைந்துதான் வித்தியாசம், ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரல் அகலத்துக்காக அவள் அறுபது வயது வரைக்கும் பொய் சொன்னாள். அதில் எனக்கு என்ன பங்கு என்பதையும் சொல்லத்தான் போகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை.

நாங்கள் ஐந்து பெண்கள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததும் அப்பா வெறுத்துப்போய் மல்சுன் என்று பெயர் வைத்தார். ‘இத்தோடு கடைசி’ என்று பொருள். இரண்டு வருஷத்தில் நான் வந்து நின்றேன். எனக்குக் குட்சுன் என்று வைத்தார். ‘நிஜமாகவே கடைசி’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் போட்டுக் கழித்த, ஷூபோலக் குதியை மூடுகிற ரப்பர் செருப்பு ஒவ்வொருத்தியாக இறங்கி வரும். மல்சுன் அக்கா வரைக்கும் வந்து அங்கே சிக்கிக்கொள்ளும். பன்னிரண்டு வயதிலேயே மூத்த அக்காவின் செருப்பு அவளுக்கு நுழையாது. பின்பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டு சரக் சரக்கென்று நடப்பாள். எங்கள் பக்கத்தில் பெரிய பாதத்தைத் திருடன் கால் என்பார்கள். ஏன் என்று யாரும் காரணம் சொன்னதில்லை. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்புச் சத்தத்தை வைத்தே, "திருடன் கால் வருது, அரிசிப் பானையை உள்ள எடுத்து வைங்கடி" என்பாள். எல்லோரும் சிரிப்போம். நான்தான் ரொம்பச் சத்தமாகச் சிரிப்பேன், ஏனென்றால் எனக்குச் சின்னக் கால்.

அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா ஒரு வேலை செய்தாள். வீட்டுக்குள் வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டுப் பெண்களின் செருப்பு கண்ணில் படாமல் போகாது. அதனால் அக்காவுடையதை அடுப்படிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, என் செருப்பைத் துடைத்து அவளுடையதுபோல வாசலில் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்து, "பொண்ணுக்கு அடக்கமான கால்" என்று சொன்னது உள்ளே இருந்த எங்களுக்குக் கேட்டது. அன்றிலிருந்து என் அளவே அக்காவின் அளவாகிவிட்டது. இருநூற்று நாற்பது.

அத்தான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கல்யாணமான ஒரு வாரத்தில் அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். சாகும்வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவ்வளவு நல்ல மனிதர். அவர் போனபிறகு அக்காவுக்கு மகள் போராவும் பள்ளிக்கூடச் சமையலறை வேலையும்தான் மிச்சம். இக்சான் நகரத்தில் அறுநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் ஒரு பள்ளி. இருபத்திரண்டு வருஷம் ஈரத் தரையில் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு நின்றதில் பாதம் இன்னும் பரந்துபோனது. கட்டைவிரல் எலும்பு வெளியே புடைத்துக்கொண்டது. பூட்ஸின் குதியில் மார்க்கரால் அளவு எழுதியிருப்பார்கள். அக்கா தன்னுடையதில் 255ஐ அழித்து 240 என்று எழுதி வைத்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அந்த எண்ணை நம்பிக் காலை விட்டுவிட்டு, "இதுக்குள்ள குடித்தனமே நடத்தலாம் போலிருக்கே" என்றாளாம். அன்று அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வேலை முடிந்து நாலரை மணிக்கு வந்தால் அடியில் சூடேற்றிய தரையில் படுத்து, காலைத் தூக்கித் தலையணைமேல் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் விற்பனை சேனலைப் பார்ப்பாள். கடைக்கு நேரில் போய் ஷூ வாங்க அவளால் முடியாது. கடைக்காரன் காலைப் பார்ப்பான், உள்ளே போய்ப் பெரிய பெட்டியாக எடுத்து வருவான், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தொலைபேசியில் கேட்கிற பெண்ணுக்குக் கால் தெரியாது.

"வழக்கமா என்ன அளவு போடுவீங்க, மேடம்?"

"இருநூத்தி நாப்பது."

"பாதம் அகலமா இருக்குமா? புறங்கால் உயரமா?"

"ஒல்லிக் கால்" என்பாள் அக்கா, கட்டைவிரல் புடைப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டே.

பெட்டி வரும். கால் நுழையாது. திருப்பி அனுப்பு என்றால் அதற்கும் மாட்டாள். "காரணம் கேப்பாங்கடி. ‘சின்னதா இருக்கு’ன்னு ஒரு அன்னியப் பொண்ணுகிட்ட என் வாயால சொல்லணுமா? பெட்டிமேல ‘அளவு மாற்றம்’னு எழுதி வாசல்ல வைக்கணும். எதிர்வீட்டுக்காரி எழுத்துக் கூட்டிப் படிப்பா." அப்புறம் அது என்னிடம் வரும். "இந்தா, கலர் பிடிக்கலை." "இந்தா, குதி உயரமா இருக்கு." பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு ஜோடி. எல்லாம் எனக்குத் தைத்து வைத்ததுபோல இருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘அக்கா, நிஜ அளவைச் சொல்லி வாங்கு’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல தோல் ஷூ சும்மா வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் போராவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை கியூஹோ, அவளோடு தேஜோனில் வேலை பார்க்கிற பையன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு உணவகத்தில் சந்தித்துப் பேசுகிற நாள் குறித்தார்கள். தகப்பன் இல்லாத பெண் என்று இளப்பமாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான் அக்காவின் கவலை. உடை எடுத்தாயிற்று, தலைமுடி சுருட்டியாயிற்று. ஷூ மட்டும் பாக்கி.

போரா விவரமான பெண். சனிக்கிழமை வந்தவள் காலண்டர் தாளைத் திருப்பித் தரையில் போட்டு அம்மாவை அதன்மேல் நிற்கச் சொன்னாள்.

"சாயங்காலம் அளந்தாத்தான் சரியா வரும்மா. காலைல கால் சுருங்கியிருக்கும்."

"எனக்குத் தெரியாத காலா?"

"அசையாம நில்லு." பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு போட்டு, குதியிலிருந்து நீள விரல் வரை ஸ்கேல் வைத்தாள். "இருநூத்தி அம்பத்தி நாலு. டிவில வாங்கினா அம்பத்தஞ்சு சொல்லு. வந்ததும் பேப்பர் விரிச்சு வீட்டுக்குள்ளயே நடந்து பாரு, ஷூவுல தொங்குற விலைச் சீட்டைக் கிழிச்சிடாத. சரியில்லன்னா மாத்திக்கலாம்."

அவள் ஊருக்குப் போனதும் அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துக் கிம்ச்சி ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நானும் அக்கா வீட்டில் இருந்தபோது அந்த ஷூ தொலைக்காட்சியில் வந்தது. சந்தன நிறம், தாழ்ந்த குதி, முன்னால் சின்னத் தங்க நிறக் கொக்கி. விற்கிற பெண் தேன் ஒழுகப் பேசினாள். "சம்பந்தி வீட்டுக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, இது ஒண்ணு போதும். இது கொஞ்சம் ஒடுங்கின அச்சு, அதனால அகலப் பாதம் உள்ளவங்க ஒரு அளவு கூட்டிக்கோங்க. இன்னிக்கு 225லேர்ந்து 255 வரைக்கும் இருக்கு." திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே போனது. அக்கா தொலைபேசியை எடுத்துவிட்டாள். அளவு என்ன என்று அந்தப் பக்கம் கேட்டதும், வழக்கமான பதிலைச் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அறுபது வருஷத்தில் அவள் என்னைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். போரா சொன்னது இருவருக்கும் தெரியும். நான் சொன்னேன், "நாப்பத்தஞ்சு சொல்லு. தோல் விட்டுக் குடுக்கும்."

ஏன் சொன்னேன் என்றால், இருநூற்று ஐம்பத்தைந்து எனக்கு ஆகாது. நாற்பத்தைந்தில் ஒரு உள்தாள் வைத்தால் ஆகும். கல்யாணம் முடிந்து அது என்னிடம்தானே வரும் என்று ஒரு நொடியில் மனம் கணக்குப் போட்டுவிட்டது. எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

ஷூ வந்ததும் சீட்டைக் கிழித்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்குள் செய்தித்தாள்மேல் நடந்து பழக்கினாள். நடந்தாள் என்று சொல்லக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

சந்திப்பு ஜோன்ஜுவில், எங்கள் ஊருக்கும் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் ஊருக்கும் நடுவில். நாங்கள் மூவரும் முதலில் போய்விட்டோம். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து ஏற்றம். மேலே போய்ச் சேர்வதற்குள் அக்காவின் உதடு வெளுத்துவிட்டது. அறை வாசலில் ஷூவைக் கழற்றியதும் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கியூஹோவின் அப்பா பேசாமல் சாப்பிடுகிற மனிதர். அம்மா நேர்மாறு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். இருபது வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்களை அதட்டிய குரல்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பொரித்த மீனில் முள் எடுத்து அந்த அம்மாள் போராவின் தட்டில் வைத்தார். பிறகு ஒரு காலை மெல்ல நீட்டினார்.

"மன்னிச்சுக்கணும் சம்பந்தியம்மா, முட்டி மடங்க மாட்டேங்குது. காலைப் பாத்துச் சிரிக்காதீங்க. சரியான திருடன் கால். இவரோட ஷூவையே எடுத்து மாட்டிக்கலாம்."

"மாட்டிக்கிட்டுத்தான் போறா" என்றார் அவர் கணவர். அவர் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவின் சாப்பாட்டுக் குச்சி அப்படியே நின்றது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ‘எனக்கும் அப்படித்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், சம்பந்தம் அந்த இடத்திலேயே சிநேகமாகியிருக்கும்.

"உங்களுக்குச் சின்னக் கால் போல. பாவாடைக்குள்ளயே வச்சிருக்கீங்களே" என்றார் அவர்.

"இருநூத்தி நாப்பதுதான்" என்றாள் அக்கா, வாய் கூசாமல். "எங்க குடும்பத்துல யாருக்குமே பெரிய கால் கெடையாது."

போரா சூப்புக் கிண்ணத்துக்குள் பார்வையை இறக்கிக்கொண்டாள். நான் தண்ணீர் குடித்தேன்.

கடைசியாக இனிப்பு அரிசிப் பானம் வந்தபோது, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று அக்கா முதலில் எழுந்து போனாள். ஷூவுக்குள் காலைத் திணிக்கிற கஷ்டத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் வெளியே வந்தபோது அவள் நடையில் நின்றுகொண்டிருந்தாள். நேராக, இரண்டு காலையும் சமமாக ஊன்றி. முகத்தில் வலியே இல்லை.

கியூஹோவின் அம்மா வாசலில் உட்கார்ந்து காலை நுழைத்தார். நுழையவில்லை.

"என்னடா இது, வரும்போது சரியாத்தானே இருந்துச்சு. சாப்பிட்டது பூரா காலுக்கு எறங்கிடுச்சா?"

ஷூவுக்குள் குதியை இறக்க உதவும் நீளமான கரண்டியைக் கியூஹோ தேடி எடுத்து வந்தான். "வயசாகுதும்மா."

"வாயை மூடிட்டுக் குதியை அமுக்குடா."

நான் அந்த ஷூவைப் பார்த்தேன். சந்தன நிறம், தங்கக் கொக்கி. அக்காவின் காலைப் பார்த்தேன். சந்தன நிறம், தங்கக் கொக்கி. ஒரே சேனல், ஒரே மணி நேரம், நாடு பூராவும் ஒரே ஷூ. அக்கா என்னைப் பார்த்தாள். கண் கெஞ்சியது. ‘மாறிப்போச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்து மாற்றிக்கொண்டு போய்விடலாம். ஆனால் மாற்றும்போது உள்ளே இருக்கிற எண்ணை எல்லோரும் பார்ப்பார்கள். அரை மணி முன்னால்தான் இருநூற்று நாற்பது என்று சொன்ன வாய். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசியில் அந்த அம்மாள் பின்பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டு, சரக் சரக்கென்று, சிரித்தபடியே இறக்கத்தில் நடந்து போனார். அந்தச் சத்தத்தை நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு கேட்டேன். அக்கா இடுப்பை வளைத்து மரியாதையாக வழியனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் போரா குளிக்கப் போனாள். அக்கா அந்த ஷூவைக் கழற்றிச் செய்தித்தாள்மேல் வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். குதியில் உரிந்த தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"முதல்ல தோல் தளந்துடுச்சுன்னுதான் நெனச்சேன்டி. அடுத்த நிமிஷமே தெரிஞ்சுடுச்சு. கழட்டி மாத்த எவ்வளவு நேரமாகும்? மூச்சு விடுற நேரம். ஆனா கால் உள்ள போய் உக்காந்துடுச்சு. என் வயசுக்கு ஒரு நல்ல ஷூ சரியா இருந்தது இதான் முதல் தடவை. கழட்ட மனசு வரலை." காலுறையை மெல்ல உரித்துக்கொண்டே சொன்னாள், "பெரியம்மா சரியாத்தான் பேர் வச்சிருக்கா."

நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் தொலைபேசி அடித்தது. கியூஹோவின் அம்மா.

"சம்பந்தியம்மா, தப்பு நடந்துபோச்சு. உங்க ஷூவை நான் மாட்டிட்டு வந்துட்டேன். வண்டில ஏறித்தான் பாத்தேன். பின்பக்கம் வேற மிதிச்சு வச்சிருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், அப்படியே விட்டுவிடு என்று.

"ஐயோ, பரவாயில்லைங்க. ஒரே மாதிரி இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

குளியலறை வாசலில் ஈரத் தலையோடு போரா நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாளின் உரத்த குரல் அங்கே வரைக்கும் எட்டியிருந்தது. தாள்மேல் இருந்த ஷூவையும் அம்மாவையும் பார்த்தாள். "அவங்க உன்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்கம்மா. நீயும் வாங்கி வச்சுக்கிட்ட" என்றாள். தலையைக்கூடத் துவட்டாமல் பையை எடுத்துக்கொண்டு தேஜோனுக்குப் போய்விட்டாள். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பெற்ற பெண்ணின் முன்னால் கூனிக்குறுகுவது என்றால் என்னவென்று அன்று பார்த்தேன்.

மூன்றாம் நாள் அக்காவின் ஷூ பெட்டியில் வந்து சேர்ந்தது. மடங்கிய பின்பக்கத்தை நிமிர்த்தி, உள்ளே துடைத்து, காகிதம் திணித்திருந்தது. அக்காவும் அவருடையதைத் துடைத்து அனுப்பினாள். போரா அந்த வாரம் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். முள்ளங்கிக்கு மிளகாய் விழுது பிசைந்துகொண்டிருந்தாள். தொலைபேசி அடித்ததும், கை காரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.

"சம்பந்தியம்மா, கல்யாணத்துக்கு நம்ம ரெண்டு பேரு ஹன்பொக் உடுப்பையும் ஒரே கடைல வாடகைக்கு எடுத்துடலாம்னு வந்தேன். உங்களுக்கு ரோஜாக் கலர், எனக்கு நீலம். கூடவே ஷூவும் குடுக்குறாங்க, அளவு கேக்குறாங்க. எனக்கு அம்பத்தஞ்சு. உங்களுக்கு என்ன எழுதச் சொல்லட்டும்?"

இருநூற்று நாற்பது தானே என்று அவர் கேட்கவில்லை. அதை நாங்கள் இருவரும் கவனித்தோம். அக்கா பிசைவதை நிறுத்தினாள். இந்த முறை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருநூத்தி…" மறுபடி ஆரம்பித்தாள். "எனக்கும் அம்பத்தஞ்சுதாங்க. அன்னிக்கு மாத்திப் போட்டது நீங்க இல்லை. நான்தான் முதல்ல போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

கடையில் யாரோ துணி உதறுவது கேட்டது.

"தெரியும் சம்பந்தியம்மா" என்றார் அவர். அதட்டுகிற குரலில்லை. "உங்க ஷூவுக்குள்ள ரத்தம் இருந்துச்சு. என் கால்ல காயமில்லை. துடைச்சுப் பாத்தேன், முழுசாப் போகலை. அதைப் போட்டுக்கிட்டு அந்த ஏத்தத்துல ஏறி வந்து, எங்களோட சிரிச்சுப் பேசிட்டு இருந்திருக்கீங்க." பிறகு பழைய குரலுக்கு வந்தார். "சரி, அம்பத்தஞ்சு ரெண்டு ஜோடின்னு சொல்லிடறேன்."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். காரக் கையால் முகத்தை மூட முடியாமல் முழங்கையை மடித்துக் கண்ணை மறைத்துக்கொண்டாள். "வெக்கமா இருக்குடி" என்றாள். "துடைச்சிருக்காங்க பாரு. என் ரத்தத்தை உக்காந்து துடைச்சிருக்காங்க." நான் பக்கத்தில் போய் நின்றேன்.

பிறகு எழுந்து கை கழுவினாள். அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தா, இது உனக்கு. ஒரு உள்தாள் வச்சா சரியா இருக்கும். அன்னிக்கே நீ பாத்து வச்சதுதானே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். பெட்டியைத் தொடாமல் வேலை இருக்கிறது என்று முனகிவிட்டு வாசலுக்கு வந்தேன். அங்கே அவளுடைய துணி ஷூவுக்குப் பக்கத்தில் நான் போட்டு வந்த கறுப்பு ஷூ இருந்தது. போன மழைக்காலத்தில் இருநூற்று நாற்பது என்று சொல்லி அவள் வாங்கியது. அதற்குள் காலை விட முடியாமல், வெறுங்காலோடு அந்த வாசலில் ரொம்ப நேரம் நின்றேன்.